வெள்ளைக்குப் போட்ட கடலைக்கொடி

நம் வயதுக்காரர்களில் ஜட்கா ஏறாதவர் இருக்க மாட்டார். "முன்னாடி தள்ளி உக்காருங்க, பின்பாரமா இருக்கு" என்று வண்டிக்காரர் சொன்னதும், வைக்கோல் மெத்தைமேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து, ஒருவர் முழங்கால் இன்னொருவர் விலாவில் இடிக்கப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வண்டிக்குள்ளிருந்து நீங்கள் பார்த்தது குதிரையின் முதுகை. நான் அதற்கு முன்பக்கம் வளர்ந்தவன். அது என்ன தின்றது, எதைத் தின்ன மறுத்தது, அதற்காக ஒரு வீடு எதையெல்லாம் தின்னாமல் விட்டது என்று எனக்குத் தெரியும்.

என் அத்தா பினாங்கில் ஒரு கடையில் இருந்தார். மணமேல்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளி இல்லை. அதனால் அம்மா என்னை இலுப்பூரில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். மாமுவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. மூன்று குதிரைகளும் இரண்டு வண்டிகளும் இருந்தன. நான் போய்ச் சேர்ந்த அன்று மாமு என் கையைப் பிடித்து நேரே லாயத்துக்குக் கூட்டிப் போய், "இந்தா, இவுகதான் நம்ம குடும்பம்" என்றார். மாமி பின்னாலிருந்து, "என்னயக் கடைசியாவாச்சும் சொல்லுங்க" என்றாள்.

செவலை ஒன்று, மட்டக்குதிரை ஒன்று. மூன்றாவது வெள்ளை. அது பெண்குதிரை, சமஸ்தானம் போன பிறகு அரண்மனை லாயத்திலிருந்து கைமாறி வந்ததென்று மாமு எல்லாரிடமும் சொல்லுவார். எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனால் தெருவில் கல்யாண மேளம் கேட்டால் போதும், சவாரி ஏற்றியிருக்கிறோம் என்பதை மறந்து, கழுத்தை வளைத்து, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள். "பயப்படாதீங்க, மகாராசாவுக்கு மரியாதை பண்ணுது" என்பார் மாமு.

எனக்கும் அதற்கும் வேறொரு பழக்கம். காலையில் ஓதப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது லாயத்து வழியாக வருவேன். வெள்ளை தலையை நீட்டி என் தொப்பியைக் கவ்வி எடுத்துக்கொள்ளும். கெஞ்சினால் தராது. காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் கீழே போடும். அந்தத் தொப்பியில் பச்சை எச்சில் காயாத நாள் கிடையாது. ஓதிக்கொடுக்கிறவர் தொப்பியை முகர்ந்து பார்த்து, "நீ எங்கடா தலைய வைச்சுத் தூங்குற?" என்று கேட்டிருக்கிறார்.

அன்னவாசல் சவாரிதான் எங்கள் வண்டிகளுக்குச் சோறு. அந்தச் சாலையில் பஸ் கூடுதலாக விட்ட வருஷம் அது. சந்தை நாளில்கூட எங்கள் வண்டிக்காரர் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். எங்கள் வண்டிக்காரர் என்றால் மாமுவின் இரண்டாவது வண்டியை ஓட்டியவர். வாய் நிறைய வெற்றிலையும் பேச்சுமாக இருப்பார். "ராவுத்தரே, பஸ்ஸுக்கும் கொள்ளு வைப்போமா? நம்மகிட்டத்தான் மிச்சமா இருக்கே" என்பார். மாமு பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது தாண்டிப் போகும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். செத்தாலும் அதில் கால் வைப்பதில்லை என்று சொல்லியிருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது மாமி பேச்சை எடுத்தாள். வெளியே போகிற வண்டி இரண்டு. தின்கிற வாய் மூன்று. வெள்ளைக்கு வயதாகிவிட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்காரர் ஒருவர் கல் இழுக்கக் கிழக்குதிரை தேடுகிறார்.

மாமு கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "காளவாய்க்கா? அந்த வெள்ளையையா?"

"நான் ஆசையாவா சொல்றேன்? நீங்களே சொல்லுங்க, எதுல மிச்சம் பிடிக்கிறது?"

"எதுல வேணும்னாலும் பிடி. தையிக்குள்ள ஒரு குதிரை திங்கிற செலவ மிச்சம் பண்ணிக் காட்டு. அது நிக்கட்டும். முடியலைன்னா நானே ஓட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வாரேன். இன்னையிலேருந்து நீதான் நிதி மந்திரி."

அந்தப் பட்டம் அன்றைக்கு வந்தது. அதன் பிறகு மாமு அவளை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. "நிதி மந்திரி, தண்ணி கொண்டா." "நிதி மந்திரி தூங்கியாச்சா?" மாமி சலித்துக்கொள்வதுபோல் காட்டுவாள். முகத்தில் பூரிப்பு தெரியும்.

பிறகு நாங்கள் மிச்சம் பிடித்த கதை சிரிப்பாகத்தான் இருக்கும். குதிரைகளுக்குக் கொள்ளு அவித்த தண்ணீரைக் கொட்டக்கூடாது என்று மாமி உத்தரவு போட்டாள். அதில் புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். தினமும் அதே ரசம். வண்டிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ராவுத்தரம்மா, வண்டியில இப்ப என்னயப் பூட்டலாம்" என்றார். பின்னங்கால் லாடத்தை நிறுத்தினோம். முன்னங்காலுக்கு மட்டும் கட்டினால் போதும் என்றாயிற்று. வாலைச் சீவும்போது உதிர்ந்த மயிரைச் சேர்த்துவைத்து, கௌதாரிக்குக் கண்ணி வைக்கிறவர்களிடம் கொடுத்தோம். செவலையின் வாலில் மாமி கத்தரிக்கோலும் வைத்துவிட்டாள். அது இரண்டு மாதம் ஈ ஓட்ட முடியாமல் எங்களை முறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்தது சாணம். லாயம் கூட்டுவதற்கு ஓர் அக்கா காலையில் வருவாள். புருஷன் இல்லாதவள். கூட்டி அள்ளிய சாணத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய் வெற்றிலைக் கொடிக்காலில் போட்டு எதையோ வாங்கிக்கொள்வாள். இனிமேல் சாணத்தை நாமே கொடிக்காலுக்குக் கொடுப்பது என்று மாமி முடிவு செய்தாள். அந்த அக்கா, "சரிங்க ராவுத்தரம்மா" என்று கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டுமாற்றை எடுத்தாள். கூட்டுவதை அவள் நிறுத்தவில்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவும் இல்லை.

கார்த்திகை கடைசியில் கடலை வெட்டு வந்தது. நம் பக்கத்துச் செம்மண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. கடலையைப் பிடுங்கிக் காயை ஆய்ந்த பிறகு காட்டிலேயே குவிந்து கிடக்கும் கொடி, புல்லைவிட மிக மலிவு. வருஷா வருஷம் கொஞ்சம் வாங்குவதுதான்; அந்த வருஷம் மாமு வண்டி வண்டியாக ஏற்றிவந்து லாயத்து முற்றத்தில் போர் போட்டார். பச்சையும் மண்ணும் கலந்த அந்த வாசனை வீட்டுக்குள் வரை வரும். குதிரைகளும் விரும்பித் தின்றன. புல்லுச் செலவு பாதிக்கு மேல் நின்றது. "மகாராசா குதிரை கடலைக்கொடி திங்குது பாரு, நிதி மந்திரி" என்று மாமு சந்தோஷமாகச் சொன்னார். வெள்ளை தப்பித்துவிடும் என்று எல்லாரும் நம்பத் தொடங்கியிருந்தோம்.

கூட்டுகிற அக்காவுக்கு அந்தப் பருவம் முழுவதும் கொடியோடுதான் வேலை. ஒவ்வொரு பிடியாக எடுத்து, வாசலில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்து உதறுவாள். ஆய்ந்தவர்கள் விட்டுவிட்ட தப்புக் கடலை ஒன்றிரண்டு பொலபொலவென்று உதிரும். அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வாள். உதறிய கொடியை லாயத்துக்குள் போடுவாள். அவள் தலையிலும் புருவத்திலும் செம்மண் படிந்திருக்கும். பள்ளி விட்டு வந்ததும் அவள் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வேன். பாலேறாத பிஞ்சாகப் பார்த்து எனக்கு எடுத்து வைத்திருப்பாள். தோலோடு தின்னலாம். இனிக்கும்.

"தம்பி படிச்சு என்னவா ஆவீக?"

"கலெக்டர்."

"அப்ப இந்த அக்காவுக்கு ஒரு பசுமாடு லோன் போட்டுக் குடுப்பீகளா?"

"ரெண்டா தாரேன்."

"ஒண்ணு போதும். ரெண்டுக்கு யாரு கொடி ஒதறுறது?"

ஒரு சாயங்காலம் நான் பென்சில் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். செக்கு வைத்திருப்பவர் கடையில் அவள் நின்றாள். மடியை அவிழ்த்துக் கடலையைத் தராசில் கொட்டினாள். ஒரு நாள் கடலை அல்ல, சேர்த்து வைத்தது. தட்டு நிறைந்து வழிந்தது. காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

நண்பர்களே, அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. எனக்கு வந்தது பெருமை. வீட்டில் ஆளுக்கொரு மிச்சம் கண்டுபிடித்திருந்தார்கள். நான் மட்டும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இதோ கிடைத்துவிட்டது. வரும் வழியிலேயே கணக்குப் போட்டேன். கடலையில் எண்ணெய் இருக்கிறது, சத்து இருக்கிறது. பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கடலை கொடியிலேயே இருந்தால் குதிரைக்குச் சத்து. அப்படியானால் கொள்ளைக் குறைக்கலாம். கொள்ளைக் குறைத்தால் வெள்ளை நிற்கும்.

மாமி அடுப்படியில் இருந்தாள். காதோடு சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மாமி. அந்த அக்கா எனக்குப் பிஞ்சு தராது" என்றேன்.

மாமி சிரித்துக்கொண்டே தன் கையை என் தலையில் வைத்தாள். "சொல்ல மாட்டேன் தம்பி. என் வாயிலேருந்து வராது."

மாமு முதலில் ஒப்பவில்லை. "தப்புக் கடலை கொடி ஒதறுறவளுக்குத்தானே? எங்க அத்தா காலத்துலேருந்து அப்பிடித்தான்."

"ஒங்க அத்தா காலத்துல பஸ்ஸு இல்ல. இப்ப ஒங்களுக்கு வெள்ளை வேணுமா, வழமை வேணுமா? கொடிய ஒதறாம அப்பிடியே போடச் சொல்லுங்க. கடலை குதிரைக்குப் போகட்டும். கொள்ளுல பாதி நிக்கும்."

மாமு கொஞ்ச நேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார். பிறகு, "நிதி மந்திரின்னா சும்மாவா" என்றார்.

மறுநாள் காலையில் மாமிதான் அவளிடம் சொன்னாள். நான் வீட்டுக்குள் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அக்கா கையிலிருந்த கொடியைப் போரிலேயே திரும்ப வைத்தாள்.

"சாணமும் இல்லைன்னீங்க. கொடியும் தொட வேணாம்னா, எனக்கு இங்க என்னங்க இருக்கு ராவுத்தரம்மா?"

அப்போதுதான் மாமிக்கே உறைத்திருக்கும்: அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒருநாளும் சம்பளம் என்று ஒன்று கொடுத்ததில்லை. சாணமும் கடலையும்தான் சம்பளம். இரண்டையும் மிச்சம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் கூட்டுமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, போகிற போக்கில் வெள்ளையின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அதன்பின் லாயம் கூட்டுவது என் வேலை ஆயிற்று. போரிலிருந்து கொடியை அணைத்து அள்ளிக் கொண்டுபோய்க் குதிரைகளின் முன்னால் தரையில் போடுவேன். என் சட்டையெல்லாம் செம்மண்ணாகும். மாமி சோப்பு அதிகம் செலவாகிறது என்று புலம்பினாள். கொள்ளு பாதியானது. செவலையும் மட்டமும் சவாரிக்குப் போய்விட்டு மாலையில் வந்து தின்றன. வெள்ளைக்கு அந்தக் குளிர்மாதத்தில் சவாரி குறைவு. பகல் முழுவதும் அதன் முன்னால் கொடி கிடந்தது. தரையில் சிந்திய இலையைக்கூட உதட்டால் தடவித் தடவிப் பொறுக்கித் தின்னும். நல்ல பசி என்று நினைத்து நான் இன்னும் அள்ளிப் போட்டேன். மற்ற இரண்டையும்விட அதற்கு எப்போதும் ஒரு அணைப்பு அதிகம். அது என் குதிரை.

பொங்கல் கழிந்து ஒரு காலை. ஓதிவிட்டு வந்து தலையை நீட்டினேன். வெள்ளை தொப்பியை எடுக்கவில்லை. தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. சுரண்டிச் சுரண்டி ஒரு குழியே விழுந்திருந்தது. பிறகு விழுந்து புரண்டது.

வண்டிக்காரர் ஓடிவந்து எழுப்பி நடத்தினார். மாமி இஞ்சியும் பெருங்காயமும் அரைத்துக் கொடுத்தாள். மூங்கில் குழாயால் விளக்கெண்ணெய் புகட்டினார்கள். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி மடங்கும். செவலையும் அன்றைக்குச் சரியாகத் தின்னவில்லை. "வண்டி பூட்டிப் புதுக்கோட்டை போயி டாக்டரக் கூட்டியாறதுக்குள்ள இது தாங்காது ராவுத்தரே" என்றார் வண்டிக்காரர். அவர் சொன்னதற்கு அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது. மாமு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். பஸ் வந்தது. கையைக் காட்டினார். ஏறுவதற்குமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். வண்டியில் ஏறும் பழக்கம் அது. கண்டக்டர் சிரித்தான்.

மதியம் அதே பஸ்ஸில் மாட்டாஸ்பத்திரி டாக்டரோடு இறங்கினார். டாக்டர் வெள்ளையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கொஞ்சம் சாணத்தை எடுத்து அதில் கரைத்து, நிற்கவிட்டு, மேலே மிதந்ததை வடித்தார். வாளியை எங்கள் பக்கம் சாய்த்தார். அடியில் சிவப்பாக மணல் படிந்திருந்தது. கோலத்துக்குச் செம்மண் கரைத்த வாளிபோல இருந்தது.

"தீனிய மண்ணோடயா போடுறீங்க? வெளிய வந்ததே இவ்வளவு. உள்ள எவ்வளவு கெடக்கோ."

அவரால் ஆனதைச் செய்தார். வெயில் தாழும் நேரத்தில் வெள்ளை மாமுவின் மடிமேல் தலையைப் போட்டபடி அடங்கியது.

செய்தி கேட்டுக் கூட்டுகிற அக்கா ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வெள்ளையின் கண்ணில் மொய்த்த ஈயை முந்தானையால் ஓட்டினாள். மாமு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ கல்லுல அடிச்சு ஒதறுனதெல்லாம் மண்ணு போறதுக்குத்தானா தாயி? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் விழித்தாள். "மண்ணாங்க? அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? நான் கடலைக்குல்ல ஒதறுனேன்."

யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாமுவின் அத்தாவுக்கும் தெரிந்திருக்காது. கூலி கொடுக்க மனமில்லாத யாரோ ஒருவர், கடலையை எடுத்துக்கொள் என்று சொல்லி வைத்ததுதான் இத்தனை காலம் அந்த லாயத்தின் குதிரைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

மாமு எழுந்து முகம் கழுவினார். வீட்டு வாசலில் மாமி நின்றாள். கதவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

"கொடிய ஒதற வேணாம்னு சொன்னது நீதானே?"

"ஆமா."

"கொள்ளக் கொறைக்கச் சொன்னதும் நீதானே?"

நான் நிற்பது மாமிக்குத் தெரியும். என் தொப்பியின் நுனி கதவுக்கு வெளியே தெரிந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாங்க. நான்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்கவில்லை; மறுநாள் திறக்கலாம் என்று நினைத்தேன்; பிறகு பரீட்சை வந்தது.

மாமு கடுமையான மனிதர் அல்ல. திட்டவில்லை, கை ஓங்கவில்லை. மறுநாளே அந்த அக்காவைக் கூப்பிட்டு மாதச் சம்பளம் பேசி வேலையில் வைத்தார். கடலையும் சாணமும் அவளுக்கே என்றார். மிச்சம் என்ற சொல்லை அந்த வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை. எல்லாம் பழையபடி நடந்தது. ஒன்று மட்டும் இல்லாமல் போனது. தண்ணீர் வேண்டுமென்றால் மாமு, "இந்தா" என்றார். தூங்கிவிட்டாளா என்று கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்டார். நிதி மந்திரி என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. முதலில் சில மாதங்கள், அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மாமி கையில் எடுத்த வேலையை நிறுத்திக் காத்திருப்பாள். பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது. அப்போது அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன பார்த்தேன் என்பது பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

அறுபதுகளில் செவலையும் போயிற்று, மட்டத்தை விற்றார்கள். லாயத்தில் வாடகை சைக்கிள்கள் நின்றன. நான் கலெக்டர் ஆகவில்லை. தணிக்கைத் துறையில் சேர்ந்தேன். அடுத்தவர் செலவில் எதைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். அல்லாஹ்வுக்கு வேடிக்கை தெரியும். கூட்டுகிற அக்காவுக்குப் பசுமாடு நான் வாங்கித் தரவில்லை. ஒன்று போதும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

மாமு மவுத்தான பிறகு மாமி நெடுநாள் இருந்தாள். ஒரு தை மாதம் பார்க்கப் போனேன். எனக்கும் நரை வந்துவிட்டிருந்தது. புதுக்கடலை அவித்து, ஆவி பறக்க ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கடலையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமி, அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாம். நான்தான் சொன்னேன்னு."

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவரு கோவத்துல ஒன்னய ஒங்கம்மாகிட்டக் கொண்டுபோயி விட்டுட்டு வந்திருப்பாரு. லாயத்துல ஒண்ணு போச்சு. வீட்டுல இருந்த ஒண்ணையும் நான் விட்டுக் குடுக்கணுமா?" கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "தின்னு. ஆறிப்போகுது."

ஒரு கடலையை உரித்து வாயில் போட்டேன். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது; அவளுக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. பல்லில் மண் நறநறத்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா தம்பி?"

"நல்லாருக்கு மாமி" என்று விழுங்கினேன்.